கிளிநொச்சியில் ஒரு வாளியும் இரண்டு றப்பரும்

இம்முறை ஊரில் நின்ற மூன்று கிழமையில் பாதி நாள் கிளிநொச்சிக் கடைகளில்தான் போனது. கண்ணாடி துடைக்கும் தொழில் தொடங்கப் போவதாக அக்காவின் மகன் மாசியிலேயே போனில் சொல்லியிருந்தான். நான் லண்டனில் 14 வருடமாக அதே வேலை செய்கிறேன். "மாமா, நீங்கள் வந்து நின்று சாமான் எடுத்துத் தந்தால்தான் எனக்குத் துணிவு" என்றான். ஆடியில் போய் இறங்கினேன். முறிகண்டியில் பஸ் நின்றதும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு மற்ற அலுவலைப் பார்த்தோம்.

ஆடியில் ஏ9 வீதியில் சோழகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்து கடைக் கண்ணாடியில் அப்பிவிடுகிறது. பரந்தன் வரைக்கும் கண்ணாடி முகப்பு வைத்த கடைகள் எத்தனையோ வந்துவிட்டன. பின்னேரம் வேலைக்கு நிற்கும் பிள்ளைகள் ஈரத்துணியும் பழைய பேப்பரும் கொண்டு துடைக்கிறார்கள். வெயில் பட்டதும் கோடுகோடாகத் தெரிகிறது. வேலைக்குக் குறைவில்லை என்று அங்கேயே விளங்கியது.

மருமகன் நான் வருமுன்பே ஒரு செற் வருவித்திருந்தான். பதினைந்து சாமான், நீட்டுகிற தடியும் சேர்த்து. பெட்டியைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணாடியில் தண்ணீரை வழித்தெடுக்கும் றப்பரை விரலால் மடித்துவிட்டால் நேராகத் திரும்பவில்லை, விளிம்பு அலைஅலையாக இருந்தது. தடியை இரண்டாவது முறை நீட்டியபோதே பூட்டு வழுக்கியது. திருப்பிக் கொடுக்கலாம் என்று மூன்று நாள் அழைத்தோம். ஒருவரும் போன் எடுக்கவில்லை. தொழில் தொடங்குகிற ஒரு பிள்ளைக்கு அது சின்னக் காசு இல்லை. எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இந்தத் தொழிலில் காசு போட வேண்டிய இடம் றப்பர்தான். லண்டனில் நாங்கள் ஸ்குவீஜி என்போம், கிளிநொச்சிக் கடைகளில் வைப்பர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஆனால் அங்கே கிடைப்பவற்றில் பெரும்பாலும் ஒரு பக்கம் ஸ்பொஞ்ச், மறுபக்கம் ஒட்டிய றப்பர். றப்பர் தேய்ந்தால் முழுச் சாமானையும் எறிய வேண்டியதுதான். 1936இல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் எற்றோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலியர் காப்புரிமை எடுத்த பித்தளை ஸ்குவீஜியில் ஒற்றை றப்பரைச் சட்டத்துக்குள் செருகினால் போதும். இன்றைக்கும் தொழில்காரர் கையில் இருப்பது ஏறக்குறைய அதேதான். அப்படி றப்பர் மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். நான் 35 சென்ரிமீற்றரில் ஒன்று, 25இல் ஒன்று, மாற்று றப்பர் பத்து கொண்டுபோனேன். கடைக் கண்ணாடிக்குப் பெரியது. பழைய வீடுகளின் மர யன்னல்களில் கண்ணாடி சின்னச்சின்னச் சதுரமாக இருக்கும், அதற்குச் சின்னது வேண்டும். ஒரு விளிம்பு மழுங்கினால் றப்பரைக் கழற்றித் திருப்பிப் போடலாம். மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே மட்டும் வைக்க வேண்டாம், அந்தச் சூட்டில் றப்பர் கெட்டுவிடும்.

நனைக்கிற சாமானுக்கு நான் காசே செலவழிக்க விடவில்லை. அலுமினிய யன்னல் பூட்டும் கடை ஒன்றில் வெட்டித் துண்டுகள் மூலையில் கிடந்தன. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான துண்டில் மரக் கைபிடி வைத்து ரீ எழுத்துப் போல அடித்துத் தந்தார்கள். பக்கத்து ஒழுங்கையில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடம் மைக்ரோஃபைபர் துவாயைக் கொடுத்தோம். அவர் அலுமினியத்தைக் கையில் வாங்கி, துணியை அதன்மேல் சுற்றிப் பார்த்து, சோக்கட்டியால் கோடு போட்டார். "தம்பி, கழற்றித் தோய்க்கிறது எண்டால் ஒரு பக்கம் திறந்து பட்டன் வைக்க வேணும்" என்று அவரே சொல்லி, அரை மணித்தியாலத்தில் இரண்டு உறை தைத்துவிட்டார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த சேவை அதுதான்.

அலுமினியக் கடைக்காரரிடம் இன்னொரு நன்மையும் கிடைத்தது. "அண்ணை, நாங்கள் பூட்டிப்போட்டு வந்திடுவம். சீமெந்தும் சிலிக்கனும் ஸ்ரிக்கர் பசையும் அப்படியே கிடக்குது எண்டு வீட்டுக்காரர் பேசுவினம்" என்றார். புது வீட்டின் முதல் துடைப்பை மருமகனுக்குத் தருவதாகச் சொன்னார். அதற்கு ஒரு சுரண்டும் பிளேட் வேண்டும். கண்ணாடி நன்றாக நனைந்திருக்க வேண்டும், ஒரே பக்கமாகத் தள்ளி, தூக்கி, மறுபடி தள்ள வேண்டும். பின்னுக்கு இழுத்தால் அடியில் சிக்கிய மணல் கீறிவிடும். சூட்டில் பதப்படுத்திய கண்ணாடியில் பிளேட் வைக்க முன்பு உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கச் சொன்னேன்.

இனித் தண்ணீர். அக்கா வீட்டுக் கிணறு சவர். சவர்க்காரம் நுரைக்காது, நுரைக்கவில்லை என்று இன்னும் ஊற்றினால் அதுவே கண்ணாடியில் படலமாக நிற்கும். ரீ.டீ.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, பார்க்கிற பேனா போன்ற மீற்றரை லண்டனில் இருந்து கொண்டுபோயிருந்தேன். கிணற்றுத் தண்ணீர் 700ஐத் தாண்டியது. சந்தியில் விற்கிற ஃபில்டர் தண்ணீர் 40க்குக் கீழே. நிலத்தடித் தண்ணீர் பயத்தில் வன்னியில் பல ஊர்களில் தண்ணீரின் உப்பை வடித்தெடுக்கும் ஆர்.ஓ. நிலையம் இருக்கிறது, தொழிலுக்கும் அது உதவுகிறது. பத்து லீற்றர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் லிக்குவிட் ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். ஏற்கனவே படிந்த வெள்ளைப் புள்ளிக்கு வினாகிரியில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் ஒட்டி வைத்தால் புதிய கறை இளகும். வருடக்கணக்கில் ஊறியது போகாது, அதை வேலை பிடிக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

மிச்சம் எல்லாம் ஒரே ஹாட்வெயார் கடையில் முடிந்தது. நீள வாய் வைத்த வாளி, பருத்தித் துணி ஆறு, இழுக்கிற யன்னல்களின் தண்டவாளத்தில் அடைந்த மண்ணைக் கிண்ட இரண்டு அங்குலப் பெயின்ற் பிறஷ். வாளிக்குள் சட்டம் இறங்குகிறதா என்று வைத்துப் பார்க்கவும் கடைக்காரர் விட்டார். மருமகன் பிரஷர் வோஷரும் முதுகில் சுமக்கும் தண்ணீர்த் தாங்கியும் கேட்டான். மறுத்துவிட்டேன். கீழ் மாடிக் கண்ணாடிக்கே ஆறு மாதத்துக்கு வேலை இருக்கிறது. ஏணியும் இப்போது வேண்டாம். நீட்டுத் தடி பற்றி மட்டும் கடுமையாகவே சொன்னேன். கடைகளுக்கு முன்னால் கரண்ட் வயர் கைக்கெட்டும் தூரத்தில் ஓடுகிறது. அலுமினியத் தடியோ ஈரமான மரத் தடியோ, வயருக்குக் கிட்ட எதையும் தூக்கக் கூடாது. அப்படிப்பட்ட வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லி அக்காவுக்கு முன்னாலேயே சத்தியம் வாங்கினேன்.

நான் வெளிக்கிட நாலு நாள் முன்பு ஒரு போன் கடையில் முதல் வேலை. வெயில் ஏற முன்பு காலை ஆறரைக்கே போனோம். விளிம்பில் இரண்டு விரல் அகலம் துணியால் உலர்த்தி, அந்த உலர்ந்த இடத்தில் றப்பரை வைத்து மேலிருந்து கீழே இழுத்தான். முதல் இழுப்பில் ஒரு கோடு. றப்பரைத் துணியில் துடைத்துவிட்டு, முந்தின இழுப்பின்மேல் கொஞ்சம் ஏற்றி மறுபடி இழுத்தான். உள்ளே மேசையில் அடுக்கியிருந்த போன்கள் தெளிவாகத் தெரிந்தன. முதலாளி வெளியே வந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைக்கப் போய், வைக்காமல் எடுத்தார். திங்கட்கிழமை தோறும் வரச் சொன்னார்.

போன கிழமை மருமகன் அழைத்தான். தையல் அக்காவிடம் இன்னும் நாலு உறை கொடுத்திருக்கிறானாம். 25 சென்ரிமீற்றர் றப்பர் முடிந்துவிட்டது, யாரும் ஊருக்கு வந்தால் கொடுத்துவிடச் சொன்னான்.