புதுப்பேட்டைல என் பத்மினிக்கு கார்புரேட்டர் வேலை

அப்பாவோட 85 மாடல் பிரீமியர் பத்மினி, 1089 சிசி இன்ஜின், சிக்னல்ல நின்னா போதும் ஆஃப் ஆயிடும். எங்க ஏரியா மெக்கானிக் ஒருத்தர் இன்ஜினையே இறக்கணும்னு சொல்லிட்டார், மனசே விட்டுப்போச்சு. அப்புறம்தான் புதுப்பேட்டைல பழைய கார் மட்டும் பாக்குற இந்த சின்ன கடைக்கு ஓட்டிட்டு போனேன், அண்ணன் ஏர் கிளீனரை கழட்டிட்டு பெட்ரோலையும் காத்தையும் கலக்குற கார்புரேட்டர் அடில லேசா ஸ்ப்ரே அடிச்சாரு, உடனே இன்ஜின் சத்தம் மாறுச்சு, "தம்பி, கேஸ்கெட் வழியா காத்து இழுக்குது, இன்ஜின்ல ஒண்ணும் இல்ல"ன்னாரு. அந்த சோலெக்ஸ் கார்புரேட்டரை முழுசா பிரிச்சு, வண்டி நிக்கும்போது இன்ஜினுக்கு பெட்ரோல் விடுற ஐடில் ஜெட்டை வெளிச்சத்துல தூக்கிக் காட்டுனாரு, ஓட்டையே தெரியல, அவ்ளோ அழுக்கு. கம்பி விட்டு குத்தல, ஓட்டை பெருசாயிட்டா பெட்ரோல் கூட குடிக்கும்னு ஊறவச்சு காத்தடிச்சேதான் எடுத்தாரு.

ஸ்பார்க் வரவைக்குற பழைய பாயிண்டுக்கு பதிலா எலக்ட்ரானிக் இக்னிஷனும் போட்டாச்சு, ஆனா அது நடுரோட்டுல போச்சுன்னா சரிபண்ண முடியாது, பழைய பாயிண்ட் செட்டை டிக்கிலயே வச்சுக்கோன்னாரு, இந்த அக்கறைக்கே காசு கொடுக்கலாம்.

வண்டி நிறுத்த இடம்தான் இல்ல, காலைலயே போயிடுங்க. கழட்டுன பார்ட்ஸ் எல்லாம் கவர்ல போட்டு கையில கொடுத்துடுறாங்க. இப்போ சிக்னல்ல நிக்கும்போது டேஷ்போர்டு மேல இருக்குற பிள்ளையார் ஆடாம உக்காந்திருக்கார்.