யாரும் ஓட்டாத காட்டுத் தடத்தை "ஓட்டிப் பார்த்தது" என்று விற்கிறார்கள்: பணம் கட்டும் முன் படியுங்கள்

மலைக்காட்டில் மவுண்டன் பைக் ஓட்ட விரும்புகிறவர்களுக்கு ஜிபிஎக்ஸ் கோப்பையும் (தடத்தின் ஜிபிஎஸ் புள்ளிகள் அடங்கிய கோப்பு) வாடகை சைக்கிளையும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடுகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அப்படி ஒன்றுக்கு எங்கள் குழு பணம் கட்டி ஏமாந்தது.

விற்றவர் சொன்னது: 28 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 600 மீட்டர், இடைநிலைத் தடம், பெரும்பகுதி ஒற்றையடிப் பாதை, எல்லாம் நேரில் ஓட்டிச் சரிபார்த்தது. அங்கே இருந்தது வேறு. தொடக்கத்தில் நல்ல மண் வண்டித்தடம். பிறகு மரம் வெட்டி இழுக்கப் போட்ட பழைய பாதை. புதர் மண்டி, எது பாதை என்றே தெரியவில்லை. அதைத் தாண்டினால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏற வேண்டிய சரிவு. ஓர் ஓடையின் குறுக்கே கோப்பில் இருந்த கோடு நேராகப் போனது. அங்கே பாலமும் இல்லை, இறங்கிக் கடக்கும் துறையும் இல்லை. கடைசி இறக்கத்தில் வாடகை சைக்கிள் ஒன்றின் முன்பிரேக் லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டது. இறங்கி நடந்ததால் யாருக்கும் அடிபடவில்லை.

இந்த மோசடியைக் கோப்பைத் திறந்து பார்த்தே கண்டுபிடித்திருக்கலாம். ஜிபிஎக்ஸ் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. எந்த எழுத்துச் செயலியிலும் திறக்கும். சைக்கிளில் மாட்டிய கருவி பதிவு செய்தது என்றால், ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், அந்த இடத்தைக் கடந்த நேரம் நான்கும் இருக்கும். கணினியில் வரைந்த தடத்தில் பெரும்பாலும் நேரம் இருக்காது. ஆனால் நேரம் இல்லை என்பதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லிவிடக் கூடாது. சில தளங்களும் சில ஓட்டுநர்களும் தனியுரிமைக்காக நேரத்தை நீக்கிவிட்டுத்தான் கோப்பைப் பகிர்கிறார்கள். மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

முக்கியமானது கோட்டின் தடுமாற்றம். அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் ஆழமான பள்ளத்தாக்கிலும் செயற்கைக்கோள் சிக்னல் பாறையிலும் ஈர இலைகளிலும் பட்டுச் சிதறி வருவதால், பதிவான கோடு உண்மையான பாதையிலிருந்து சில மீட்டர் இப்படியும் அப்படியும் விலகும். நின்ற இடத்தில் புள்ளிகள் கொத்தாகக் குவியும். யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் கோப்பை வைத்துப் பாருங்கள். காட்டுக்குள் முழுத் தூரமும் வரைபடப் பாதையின் மேலேயே பிசிறில்லாமல் கோடு உட்கார்ந்திருந்தால், அது வழிகாட்டும் மென்பொருள் போட்ட கோடு. எங்களுக்கு விற்ற கோப்பு அப்படித்தான் இருந்தது. புள்ளிகள் வளைவுகளில் மட்டும் இருந்தன. இடையில் எல்லாம் நேர்கோடு.

மென்பொருள் ஏன் அப்படி இழுத்துவிடுகிறது? வரைபடத்தில் பாதை என்று குறித்திருந்தால் அது சேர்த்துக்கொள்ளும். அந்தப் பாதை இன்னும் இருக்கிறதா, கால்நடையாக மட்டும் போகக்கூடியதா என்பது கூடுதல் குறிப்புகளில்தான் தெரியும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாதை மவுண்டன் பைக்குக்கு எவ்வளவு கடினம் என்பதற்கு 0 முதல் 6 வரை ஓர் அளவு உண்டு. வண்டித்தடத்தின் உறுதிக்கு 1 முதல் 5 வரை தரம் உண்டு. தரை எப்படிப்பட்டது, பாதை கண்ணுக்குத் தெரிகிறதா என்றும் குறிக்கலாம். இந்தக் குறிப்புகள் எதுவும் இல்லாத பாதைத்துண்டு உங்கள் தடத்தில் வந்தால், அங்கே யார், எப்போது போனார்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். சைக்கிளுக்குத் தடை, தனியார் நிலம் என்ற குறிப்புகளையும் அங்கேயே பார்த்துவிடலாம். வன அனுமதி யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

ஏற்றக் கணக்கும் இப்படித்தான். வரைந்த தடங்களுக்கு உயரம் நிலப்பரப்பு மாதிரியிலிருந்து வருகிறது. அவற்றில் பரவலாகப் புழங்கும் ஒன்று 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் கொண்டு அளந்தது. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஓர் உயரம்தான் அதில் இருக்கிறது. அதைவிடக் குறுகலான ஓடைப் பள்ளங்கள் அதில் மழுங்கிவிடும். அடர்காட்டில் ரேடார் தரை வரை இறங்காமல் மரத்தலைகளுக்குள்ளேயே திரும்பிவிடுவதும் உண்டு. ஆகவே பள்ளம் பள்ளமாக இறங்கி ஏறும் தடத்தின் மொத்த ஏற்றம் குறைவாகத் தெரியலாம். செங்குத்துச் சரிவை ஒட்டிப் போகும் தடத்தில் இல்லாத ஏற்ற இறக்கம் சேரலாம். நல்ல மென்பொருள்களுக்குள்ளேயே கொஞ்சம் வித்தியாசம் வரும், அது மோசடி அல்ல. காற்றழுத்த உயரமானி உள்ள கருவியில் பதிவான எண்ணைக் கேளுங்கள்.

மொத்தத்தைவிட எனக்கு முக்கியம், அந்த ஏற்றம் எங்கே குவிந்திருக்கிறது என்பது. 28 கிலோமீட்டரில் 600 மீட்டர் என்றால் காதுக்கு இதமாக இருக்கிறது. அதில் 300 மீட்டர் ஏற்றம் ஒன்றரை கிலோமீட்டருக்குள் வந்தால் சராசரிச் சரிவு 20 சதவீதம். சரளையும் வேரும் கலந்த தரையில் பெரும்பாலானவர்கள் அதைத் தள்ளிக்கொண்டுதான் ஏறுவார்கள். உயர வரைபடத்தை அரை கிலோமீட்டர் துண்டுகளாக வெட்டிப் பாருங்கள்.

"இடைநிலை" என்ற சொல்லுக்கும் பிடிமானம் வேண்டும். சர்வதேச மவுண்டன் பைக் சங்கமான இம்பாவின் அளவில் இடைநிலையைக் குறிக்கும் நீலச் சதுரம் என்றால் பாதை 60 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலம், சராசரிச் சரிவு 10 சதவீதத்துக்குள், தவிர்க்க முடியாத தடைகள் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குள். ஜெர்மனியில் தோன்றிய ஒற்றையடிப் பாதை அளவு எஸ்0 முதல் எஸ்5 வரை போகும். எந்த அளவுப்படி இடைநிலை என்று கேட்டபோது பதில் சொல்லாதவரிடம் நாங்கள் பணம் கட்டியிருக்கவே கூடாது.

இனி பிரேக். இதில்தான் உயிர் இருக்கிறது. ஓட்டுநரும் சைக்கிளும் சேர்த்து 90 கிலோ, இறக்கம் 400 மீட்டர் என்றால் சுமார் 350 கிலோஜூல் ஆற்றல் வெளியேற வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். மெதுவாக இறங்கும் காட்டுப்பாதையில் காற்று அதிகம் உதவாது. ஏறக்குறைய எல்லாமே சக்கரங்களோடு சுழலும் இரண்டு பிரேக் தட்டுகளில் (ரோட்டார்) வெப்பமாகிறது. திரும்பிவந்து கழற்றிப் பார்த்தபோது முன்பிரேக்கின் பேடில் (ரோட்டாரை இறுக்கிப் பிடிக்கும் கட்டை) உராய்வுப் பொருள் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனம் சொல்லும் மாற்ற வேண்டிய எல்லையே 0.5 மில்லிமீட்டர். பேட் தேய்ந்தால் பிடி குறைவது மட்டுமல்ல, வெப்பத்தைத் தடுக்கும் அடுக்கும் மெலிந்து, சூடு பிஸ்டன் வழியாகத் திரவத்துக்குப் போகிறது. பிரேக் திரவ வகைகளில் ஒன்றான டாட் 5.1 புதிதாக இருக்கும்போது 260 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 180 டிகிரிக்கு வந்துவிடுகிறது. கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், லீவர் காலியாகப் போகும். எங்கள் சைக்கிளில் ஆறியபின் லீவர் மறுபடி இறுகியது. கசிவாக இருந்தால் அப்படித் திரும்பியிருக்காது.

சைக்கிளை வாங்கும் இடத்திலேயே சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்து, காலிப்பருக்குள் (பேடுகள் உட்காரும் கூடு) பேடைப் பாருங்கள். கழற்ற விடமாட்டேன் என்பவரிடம் சைக்கிள் எடுக்க வேண்டாம். ஷிமானோ ரோட்டாரில் குறைந்தபட்சத் தடிமன் 1.5 மில்லிமீட்டர் என்று பொறித்தே இருக்கும். லீவரை இறுக்கிப் பிடித்து அரை நிமிடம் வைத்திருங்கள். மெல்ல உள்ளே போனால் கசிவு. தொடர்ந்து அழுத்தும்போது மட்டும் இறுகினால் உள்ளே காற்று. கனிம எண்ணெய் பிரேக்கில் டாட் திரவத்தை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் சீல் கெட்டுவிடும் என்பதால், எது நிரப்பினார்கள் என்றும் கேளுங்கள். பேட் புதிது என்றால் நடை வேகம் வரும் வரை பிரேக்கை உறுதியாகப் பிடித்து விடுவதை 20 முறையாவது சமதளத்தில் செய்து பதப்படுத்திய பிறகே இறக்கத்துக்குப் போக வேண்டும்.

பின் கியர் மாட்டும் ஹேங்கர் வளைந்திருந்தால், மிகச் சுலப கியரில் டிரெய்லியர் (சங்கிலியைக் கியர் மாற்றும் பாகம்) ஆரக்கால்களுக்குள் போய்விடக்கூடும். பின்னாலிருந்து ஒரு பார்வை போதும்.

புகார் செய்ய நினைப்பவர்கள் விளம்பரத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), உரையாடல், முதலில் வந்த கோப்பு, உங்கள் கருவியின் பதிவு, பேடின் படம் எல்லாவற்றையும் திருத்தாமல் வையுங்கள். நாங்கள் கேட்டதும் விற்றவர் "உண்மையான பதிவு" என்று இன்னொரு கோப்பை அனுப்பினார். இதில் நேரம் இருந்தது. ஆனால் செங்குத்து ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓடையிலும் வேகம் ஒரே அளவு, ஓர் இடத்திலும் நிற்கவில்லை. வரைந்த கோட்டுக்குச் சீரான வேகத்தில் நேரம் சேர்க்க மென்பொருள் இருக்கிறது. இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை நேர இடைவெளியால் வகுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தக் கணக்கையும் இரண்டு கோப்புகளையும் சேர்த்து, பணம் கட்டிய அட்டையின் வங்கியிடம் அந்தக் கட்டணத்தை மறுத்து மனு கொடுத்திருக்கிறோம்.