சேலம் மக்கள் நீதிமன்றம்: எங்கள் வழித்தட வழக்கும் ஓய்வுபெற்ற நீதிபதியும்

சேலம் அஸ்தம்பட்டி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் நடைபெறும், வழக்குகளைச் சமரசமாக முடித்துவைக்கும் மக்கள் நீதிமன்றத்தின் (லோக் அதாலத்) சேவையை, எங்கள் வழக்கு அங்கே முடிந்த விதத்தை வைத்து எழுதுகிறேன். கன்னங்குறிச்சிப் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்துக்குச் சித்தப்பாவின் நிலம் வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பாதைக்காக ஏழு ஆண்டுகள் வாய்தாவுக்கு அலைந்ததில், பொங்கலுக்குக்கூட முகம் பார்த்துக்கொள்ளாதவர்களாகிவிட்டோம்.

எங்கள் அமர்வுக்குத் தலைமை வகித்தவர், மாவட்ட முன்சீப்பாகப் பணியில் சேர்ந்து, சார்பு நீதிபதியாகி, மாவட்ட நீதிபதியாக 60 வயதில் ஓய்வுபெற்றவர். வரப்புத் தகராறும் கிணற்றுப் பங்கும் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது முன்சீப் நீதிமன்றத்தில்தான் என்பதால், அந்த நாள்களில் பெற்ற பழக்கம் அவரிடம் நன்றாகவே தெரிந்தது. வழக்குக் கட்டைப் பிரித்தவர் வழக்குரையை ஒதுக்கிவிட்டு, இடத்தைப் பார்வையிட நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் வரைந்த வரைபடத்தை மேசைமீது விரித்தார். கிணற்று மேட்டருகே பாதை வளையும் இடத்தில் பென்சிலால் வட்டமிட்டு, "பெரியவரே, இந்த இடத்தில் டிராக்டர் திரும்ப எத்தனை அடி வேண்டும்?" என்று சித்தப்பாவிடம் கேட்டார்.

"பத்து அடி வேண்டுமுங்க அய்யா."

"டிராக்டர் உங்கள் அண்ணன் மகனுடையதாக இருந்தாலும் பத்து அடிதானே?"

வெகுநேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா, வளைவில் மட்டும் இரண்டு அடி கூடுதலாக விடுவதாகச் சொன்னார். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறையை அவர் வசதிப்படி மாற்றிக்கொள்ள நாங்களும் இசைந்தோம். ஆயுள் முழுக்கத் தீர்ப்புச் சொல்லிப் பழகியவர், எங்கள் வாயாலேயே முடிவைச் சொல்ல வைத்த அந்தப் பொறுமைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. வழக்குக்குச் செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். சமரசம் ஏற்படாவிட்டால் வழக்கு பழைய நீதிமன்றத்துக்கே திரும்பிவிடும். ஆனால், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, இங்கே பிறப்பிக்கப்படும் ஆணைக்கு மேல்முறையீடு இல்லை என்பதால், கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் சித்திக்கு, அளவுகளைத் தன் விரலால் வரைபடத்தில் தொட்டுக்காட்டி, நீதிபதியே இருமுறை வாசித்தார்.

"எல்லைக் கல் நடும்போது இரண்டு வீட்டாரும் கூட நில்லுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். அடுத்த வாரம் நட்டோம். கயிற்றின் ஒரு முனையைச் சித்தப்பா பிடித்திருந்தார், மறுமுனையை நான் பிடித்திருந்தேன்.