கப்சாயா, கன்ச்சிலா, அம்மாவின் மைவியா?

மகனுக்குப் பதினாறு முடிந்த வாரமே அவன் எதை ஓட்டுவது என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. மலேசியாவில் 16 வயதில் பி2 லைசென்ஸ் எடுத்தால் 250 சிசி வரை மோட்டார் சைக்கிள் ஓட்டலாம். காடிக்கான, அதாவது காருக்கான, டி லைசென்ஸுக்கு 17 ஆக வேண்டும். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் புளோக் பையன்களில் பாதிப் பேருக்கு அந்த ஒரு வருடம் பொறுமை இருப்பதில்லை.

கப்சாய் என்கிற சின்ன மோட்டார் பக்கமும் நியாயம் இருக்கிறது. எண்ணெய்ச் செலவு சொற்பம், நெரிசலில் நுழைந்து போகலாம், பார்க்கிங் தலைவலி இல்லை. ஆனால் மலேசியச் சாலைகளில் உயிரிழக்கும் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். சிரிம் என்கிற தரச்சான்று முத்திரை உள்ள ஹெல்மெட் தலையைக் காக்கும். லோரி உரசினால் இடுப்புக்கும் காலுக்கும் என்ன இருக்கிறது? கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாருக்குத் தனிப்பாதை உண்டு. எங்கள் பக்கத்து ஜாலான் ஈப்போ சாலையில் பஸ்ஸும் லோரியும்தான் துணை.

அடுத்தது, சித்தப்பா தருவதாகச் சொன்ன பழைய கன்ச்சில், ஒரு சின்ன காடி. கூரை இருக்கிறது, மழையில் நனைய வேண்டாம். ஆனால் அதில் காற்றுப்பையும் இல்லை, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லை. "சின்ன காடி, வேகமா போக முடியாது" என்றார் என் கணவர். மோதுகிற லோரி வேகமாக வரலாமே!

மூன்றாவது, என்னுடைய காடி மைவி. 2017இல் வந்த புதிய வகை. நான்கு காற்றுப்பைகள், வழுக்கினால் வண்டியை இழுத்துப் பிடிக்கும் வசதி. ஆனால் நான் மைவிக்கு ஓட்டுப் போட்டதற்கு அதைவிடப் பெரிய காரணம் சாவி. கன்ச்சில் வந்தால் சாவி அவன் பாக்கெட்டில். மைவி என்றால் என்னிடம் கேட்க வேண்டும். கேட்டால் நானும் கேட்பேன்: எங்கே, யார் யார், எத்தனை மணிக்கு? புதிதாக ஓட்டுபவனுக்கு இரவு நேரமும் காடி நிறையக் கூட்டாளிகளும்தான் ஆபத்து. தமக்கென்று தனிக்காடி வைத்திருந்த பிள்ளைகள், வீட்டுக் காடியைப் பகிர்ந்தவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விபத்தில் சிக்கியதாக 2009இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. புது ஓட்டுநர் என்று காட்டும் பி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் இரண்டு வருடமும் சாவி ஆணியிலேயே தொங்கட்டும்.

மைவிக்கும் செலவு உண்டு. 21 வயதுக்குக் கீழே உள்ளவன் ஓட்டி எங்காவது இடித்தால், இன்சூரன்ஸில் முதல் 400 ரிங்கிட் நம் பையிலிருந்துதான்.

பதினேழு ஆகும்வரை? செந்தூலிலேயே எல்ஆர்டி ரயில் இருக்கிறது. ரயிலுக்கும் பஸ்ஸுக்குமான மை50 பாஸ் 50 ரிங்கிட், 30 நாள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

எல்லாம் பேசி முடித்ததும் பையன் கேட்டான்: "ம்மா, நீங்க டிராஃபிக் லைட்ல வாட்ஸ்அப் பார்க்குறீங்களே, அது?"

இப்போதெல்லாம் என் போன் பின்சீட்டில்தான் வருகிறது.