குதிரைக்குச் சினை ஊசி: குளிர்விந்தா, உறைவிந்தா?

மாட்டுக்குச் சினை ஊசி போட்டுப் பழகியவர்களுக்குக் குதிரை விஷயம் முதலில் பிடிபடாது. காலையில் கத்திய மாட்டுக்குச் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. கால் மில்லி உறைவிந்துக் குச்சி (விந்து அடைத்த மெல்லிய குழல்) ஒன்று, அதில் 2 கோடி விந்தணு. அவ்வளவுதான். குதிரையிடம் இந்தக் கணக்கு செல்லாது. பெட்டைக்குதிரை ஐந்து முதல் ஏழு நாள் வரை பருவத்தில் நிற்கும். முட்டை வெளிவருவது பெரும்பாலும் அதன் கடைசி ஒன்றிரண்டு நாளில். எந்த நாள், எந்த நேரம் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. குளிர்விந்துக்கும் உறைவிந்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் பெரிதாகிறது.

நேரடிச் சேர்க்கையை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. பந்தயக் குதிரையான தரோபிரெட் இனத்துக்கு அது ஒன்றே வழி. ஊசியில் பிறந்த குட்டியைப் பதிவேட்டில் ஏற்கமாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் புரூஸ் மெக்ஹியூ என்பவர் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2012-ல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது, விதி அப்படியே நிற்கிறது. தடை தாண்டலுக்கும், சவாரிக்காரரின் குறிப்பறிந்து நளினமாக அடியெடுத்து வைக்கும் டிரெஸ்ஸாஜ் போட்டிக்கும் ஐரோப்பாவில் வளர்க்கும் வார்ம்பிளட் இனங்களில் நிலைமை நேரெதிர். அங்கே பெரும்பாலும் ஊசிதான். எந்த ஊசி என்பதுதான் கேள்வி.

குளிர்விந்து என்பது அன்றைக்கே எடுத்து, பால்பொடியும் குளுக்கோஸும் கலந்த கரைசலில் சேர்த்து, மெல்ல மெல்ல 5 டிகிரிக்கு இறக்கிப் பெட்டியில் அனுப்புவது. 24 மணி நேரம் நன்றாகத் தாங்கும். சில பொலிகுதிரைகளின் விந்து 48 மணி வரைகூட வரும். பெட்டையின் உள்ளே போன பிறகும் ஒரு நாளாவது உயிரோடு காத்திருக்கும் என்பதுதான் இதன் பலம். முட்டை வெளிவருவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் போட்டால் போதும். தினம் ஒரு ஸ்கேன் பார்க்கும் உள்ளூர் மருத்துவரை வைத்தே சமாளித்துவிடலாம்.

ஆனால் பொலிகுதிரை வீட்டில் இருக்க வேண்டும். அது போட்டிக்குப் போயிருந்தாலோ, கால் நொண்டினாலோ அன்றைக்குப் பெட்டி வராது. பெட்டி வந்து சேர்ந்து, ஃபாலிக்கிள் (சினைப்பையில் முட்டை வளரும் நீர்ப்பை) வளராமல் நின்றுவிட்டாலும் சிக்கல்தான்: அந்த விந்து வீண், மறுபடி சொல்லி அனுப்ப வேண்டும்.

உறைவிந்து இந்தத் தொல்லைகளைத் தீர்க்கிறது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் எத்தனை வருடமானாலும் கிடக்கும். டிரெஸ்ஸாஜில் பேர் வாங்கிய பொலிகுதிரை டோட்டிலாஸ் 2020 டிசம்பரில் வயிற்றுவலியில் இறந்தது. அதன் விந்து அதற்குப் பிறகும் விற்பனைக்கு இருந்தது. சாக்கோ-புளூ என்ற பொலிகுதிரை 2012-லேயே இறந்துவிட்டது. தடை தாண்டும் குதிரைகளின் தந்தையர் தரவரிசையில் அது உலக முதலிடத்துக்கு வந்ததோ அதற்குச் சில வருடங்கள் கழித்து. தன் மதிப்பு முழுதாகத் தெரியும் முன்பே இறந்த குதிரையிலிருந்து குட்டி எடுக்க வேறு வழி கிடையாது. நோய்ப் பாதுகாப்பிலும் உறைவிந்துக்கு ஒரு சௌகரியம் உண்டு. எடுத்த விந்தைத் தனியே வைத்து, பொலிகுதிரையைச் சில வாரம் கழித்து மறுபடி சோதித்த பிறகே வெளியே விடலாம். குளிர்விந்தில் அதற்கு நேரமில்லை. 2006-ல் அமெரிக்காவில் குதிரைத் தமனியழற்சி வைரஸ் பல மாநிலங்களுக்குப் பரவியதில் அனுப்பிய விந்துக்கும் பங்கு இருந்தது. உறைய வைத்தால் அந்த வைரஸ் சாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். காப்பது சோதனைதான், குளிர் அல்ல.

இவ்வளவு நல்லது சொன்ன பிறகும், என் ஓட்டு பெரும்பாலான பெட்டைகளுக்குக் குளிர்விந்துக்கே. காரணம், உறைவிந்தில் பொலிகுதிரைக்காரரின் சிரமம் குறைகிறது. அந்தச் சுமை அப்படியே பெட்டை வைத்திருப்பவர் தலையில் வந்து இறங்குகிறது.

எப்படி என்றால், உறைந்து உருகிய விந்தணுவுக்கு ஆயுள் குறைவு. முட்டை வெளிவருவதற்கு முன் 12 மணி, வெளிவந்த பின் 6 மணி. இந்த இடைவெளிக்குள் உள்ளே போயாக வேண்டும். ஃபாலிக்கிள் 35 மில்லிமீட்டர் தாண்டியதும் ஹார்மோன் ஊசி போட்டால் ஏறக்குறைய 36 மணியில் முட்டை வரும். கடைசி நேரத்தில் ஆறு மணிக்கொரு ஸ்கேன்: நள்ளிரவு, விடிகாலை எல்லாம் சேர்த்துத்தான். கையில் இரண்டு டோஸ் இருந்தால் ஹார்மோன் ஊசியிலிருந்து 24-வது மணியில் ஒன்று, 40-வது மணியில் ஒன்று என்று போட்டு இரவுக் காவலைத் தவிர்க்கலாம், செலவு இரட்டிப்பாகும்.

போடும் வேலையும் நுணுக்கமானது. ஒரு டோஸுக்கு அரை மில்லிக் குச்சிகள் எட்டு என்பது பரவலான வழக்கம். 37 டிகிரி வெந்நீரில் குறைந்தது 30 விநாடி வைத்து, ஈரம் போகத் துடைத்து, நுனியை வெட்டி, நீண்ட வளையும் குழாயில் ஏற்ற வேண்டும். ஒரு துளி தண்ணீர் உள்ளே போனாலும் விந்தணுக்கள் அதிர்ந்து சாகும். பிறகு மருத்துவர் ஆசனவாய் வழியே கைவிட்டு, குழாயின் முனையை ஃபாலிக்கிள் இருக்கும் பக்கத்துக் கருப்பைக் கொம்பின் நுனிவரை வழிநடத்துவார்.

அப்புறம் வீக்கம். விந்தணு எதுவானாலும் கருப்பையில் கொஞ்சம் அழற்சி வரும். இளம் பெட்டை அதனால் சேரும் நீரை ஓரிரு நாளில் வெளியேற்றிவிடும். வயதான பெட்டையால் அது முடியாது. அதற்கு, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி, சிலசமயம் கருப்பையைக் கழுவுதல் என்று வேலை நீளும். பதினாறு வயதுப் பெட்டைக்கு உறைவிந்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலைதான். நன்றாகக் கவனித்தால் ஒரு பருவத்தில் குளிர்விந்துக்கு 60 சதவீதம் அளவுக்குச் சினை பிடிக்கும், உறைவிந்து 50-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ நிற்கும். பொலிகுதிரைக்குப் பொலிகுதிரை வித்தியாசமும் பெரிது. நேரடிச் சேர்க்கையில் அருமையாகச் சினைப்படுத்தும் குதிரையின் விந்து உறைபதத்தில் மொத்தமாகச் சோர்ந்துபோவதுண்டு. பேரைப் பார்த்து வாங்காமல், இதே குச்சியில் எத்தனை பெட்டைக்குச் சினை பிடித்தது என்று கேட்டு வாங்க வேண்டும். உறைவிந்தை டோஸ் கணக்கில் விற்பதே வழக்கம், சினை பிடிக்காவிட்டால் பணம் போனது போனதுதான்.

நம் பக்கத்துக்கு வந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். அந்தியூர் ஆடிச் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள் வருகின்றன. அங்கே மார்வாரிப் பெட்டை வாங்கியவருக்கு ராஜஸ்தான் பொலிகுதிரையின் குட்டி வேண்டுமென்றால், அவ்வளவு தூரம் குளிர்விந்தை நேரத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் தன் பிகானேர் வளாகத்தில் மார்வாரி விந்தை உறையவைக்கும் பணியைச் செய்துவருகிறது. அழிந்துவரும் நாட்டு இனங்களுக்கு இது மிகவும் தேவையான வேலை. ஆனால் குச்சியை விசாரிப்பதற்கு முன்னால், இரவு இரண்டு மணிக்கு ஸ்கேன் கருவியோடு லாயத்துக்கு வரக்கூடிய, குதிரையில் கைப்பழக்கமுள்ள மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் பெட்டையை ஒரு பருவத்துக்கு அப்படிப்பட்டவர் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் விடுவதே மேல்.