பெட்டியில் 800 லூமன், ரோட்டில் என்ன? ஒரு சைக்கிள் லைட்டோடு ஒன்பது மாதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த லைட்டின் பெயரை எழுதப் போவதில்லை. ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. இதே அலுமினிய உடம்பு, இதே பொத்தான், இதே ரப்பர் மூடி வேறு இரண்டு பெயர்களிலும் விற்பதைப் பார்த்துவிட்டேன், ஸ்டிக்கர் மட்டும்தான் வேறு, அதனால் பெயரைச் சொல்லி உங்களுக்கு ஆகப்போவது எதுவும் இல்லை. ஹேண்டில்பாரில் மாட்டுகிற, உள்ளேயே பேட்டரி இருக்கிற, டைப்-சி சார்ஜ் போடுகிற 800 லூமன் லைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகையில் எதை வாங்கப் போனாலும் நான் சொல்வதில் முக்கால்வாசி பொருந்தும்.

வாங்கியது 300 கி.மீ. பிரெவேக்காக. பிரெவே என்பது நெடுந்தூர சைக்கிள் ஓட்டம், பந்தயம் இல்லை, முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதைதான், வழியில் இருக்கும் கண்ட்ரோல்களை, அதாவது வந்துபோனதைப் பதிகிற இடங்களைத் தொட்டுக்கொண்டு குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும். 200 கி.மீ.க்கு 13.5 மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. இந்தக் கணக்கைப் பார்த்தாலே தெரியும், 200-ஐ எப்படியாவது பகலுக்குள் முடித்துவிடலாம், அதற்கு மேலே போனால் இருட்டும் கூடவே வரும். அதனால்தான் கிளம்பும் இடத்திலேயே முன்னால் லைட் எங்கே, பின்னால் லைட் எங்கே, ரிஃப்ளெக்டிவ் வெஸ்ட் எங்கே என்று பார்த்துவிட்டு விடுகிறார்கள். இந்த வகை ஓட்டத்துக்கெல்லாம் தாத்தாவான பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 1891-இல் தொடங்கியது, இப்போது நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது, 1200 கி.மீ.க்கும் மேல், 90 மணி நேரக் கெடு. அந்த 90 மணி நேரக்காரர்கள் கிளம்புவதே சாயங்காலம்தான், அதாவது முதல் வேலையே ஒரு முழு இரவு. எனக்கு அந்த அளவுக்கெல்லாம் கால் இல்லை, ஆசை மட்டும் இருக்கிறது.

சரி, லைட்டுக்கு வருகிறேன். 800 லூமன் என்ற எண்ணைப் பார்த்துத்தான் நானும் வாங்கினேன், அது முதல் தப்பு. லூமன் என்பது லைட்டிலிருந்து மொத்தம் எவ்வளவு ஒளி கிளம்புகிறது என்ற கணக்கு, அது ரோட்டில் விழுகிறதா, மரக்கிளையில் விழுகிறதா, எதிரே வருகிறவரின் கண்ணில் விழுகிறதா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. நமக்கு வேண்டியது, முன்னால் இருக்கும் தரையில் எவ்வளவு விழுகிறது என்பது, அதை லக்ஸில் சொல்வார்கள். ஜெர்மனியின் சாலை விதி லூமனைப் பற்றிப் பேசுவதே இல்லை, பத்து மீட்டர் தூரத்தில் குறைந்தது 10 லக்ஸ் விழ வேண்டும், மேல்பக்கம் கண்ணைக் கூச வைக்கக் கூடாது என்றுதான் கேட்கிறது. அதற்கேற்பச் செய்த லைட்டுகளில் ஒளி கார் ஹெட்லைட் மாதிரி மேலே நேர்கோட்டில் வெட்டப்பட்டிருக்கும். என்னுடையதில் அந்த வெட்டு இல்லை. டார்ச் லைட் மாதிரி வட்டமாக அடிக்கிறது, நடுவில் வெள்ளைத் தட்டு மாதிரி ஒரு பொட்டு, சுற்றி மங்கல். வீட்டுச் சுவரில் அடித்துப் பார்த்தபோது பிரமாதமாக இருந்தது. ரோட்டில் அடித்தால் அந்தப் பொட்டுக்கு முன்னால் இருக்கிற குழியும் தெரியவில்லை, பின்னால் இருக்கிற வேகத்தடையும் தெரியவில்லை.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டேன். 25 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு நொடிக்கு ஏறக்குறைய ஏழு மீட்டர். குழியைப் பார்த்து, அது குழி என்று புரிந்து, விரல் பிரேக்கைத் தொடுவதற்குள் ஒன்றரை நொடி போய்விடும் என்று வைத்தால் பத்து மீட்டர் சும்மாவே கடந்தாயிற்று, பிரேக் பிடித்து நிற்க இன்னும் சில மீட்டர். ஆக, பொட்டின் நடுப்பகுதி இருபது இருபத்தைந்து மீட்டரில் விழுகிற மாதிரி சாய்த்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்கிறது. பாதிதான். வளைவில் திரும்பும்போது லைட் சைக்கிள் பார்க்கிற பக்கம்தான் பார்க்கும், நீங்கள் பார்க்க வேண்டிய பக்கம் இருட்டு. அதற்கு ஹெல்மெட்டில் ஒரு சின்ன லைட் வேண்டும், பஞ்சர் பார்க்கவும் பலகை படிக்கவும் அதுவே உதவும். ஆனால் ஹெல்மெட் லைட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அது கண்ணுக்குப் பக்கத்திலிருந்து அடிப்பதால் குழியின் நிழல் நம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, ரோடு சப்பையாகத் தெரியும். லைட் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நீளமாகக் குழிக்கு நிழல் விழும், அந்த நிழல்தான் நமக்குக் குழியைக் காட்டிக்கொடுக்கிறது.

மவுண்ட். இதைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கோபம். பெட்டியோடு வருவது ஒரு பிளாஸ்டிக் கிளிப்பும் ரப்பர் பட்டையும். பகலில் மாட்டிப் பார்த்தால் கல் மாதிரி நிற்கும். முதல் 300-இல் சுமார் 190-ஆவது கி.மீட்டரில், ஜல்லி பெயர்ந்த ஒரு நீளமான இறக்கத்தில், லைட் தலையைத் தொங்கப்போட்டு முன்சக்கரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. ஒரு கணம் முன்னால் எல்லாம் கறுப்பு. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஒருவரின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது, அதைப் பிடித்துக்கொண்டே இறங்கி ஓரமாக நிறுத்தினேன், கை நடுங்கியது. அவரும் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை, தன் பையிலிருந்து பழைய டியூபில் வெட்டிய ஒரு துண்டை எடுத்து ஹேண்டில்பாருக்கும் கிளிப்புக்கும் நடுவில் சுற்றி, மேலே பட்டையை இழுத்து மாட்டினார். அதற்குப் பிறகு இன்றுவரை அசையவில்லை. பஞ்சர் ஒட்டி ஒட்டித் தேய்ந்த டியூபைத் தூக்கிப் போடாதீர்கள், இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கிளிப் மூன்று மாதம் முன்பு ஒரு ஓரத்தில் கீறல் விட்டது. விற்றவர்களுக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை.

பொத்தானை வடிவமைத்தவர் இரவில் சைக்கிள் ஓட்டியிருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன். ஒரே பொத்தான், அழுத்த அழுத்த ஹை, மீடியம், லோ, மினுக்கல், திரும்ப ஹை. எதிரே யாராவது வந்தால் ஹையிலிருந்து லோவுக்கு இறக்குவது இரண்டு அழுத்தம், சரி. அவர் போன பிறகு மறுபடி ஹைக்கு வர வேண்டுமென்றால் மினுக்கலைத் தாண்டித்தான் வர வேண்டும். நல்ல இருட்டில் 800 லூமன் படபடவென்று அடித்தால், முன்னால் போகிறவர் திரும்பிப் பார்த்து முறைப்பார், நம் கண்ணிலும் ரோடு துண்டு துண்டாகத் தெரியும். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகிறது, ஒரே வெளிச்சத்தில் அந்தப் பழக்கம் போய்விடுகிறது. கையுறை போட்டிருந்தால் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்து மேடாக்கிக்கொண்டேன், சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது.

பேட்டரி விஷயத்தில் பெட்டி சொல்வது ஹையில் இரண்டு மணி நேரம், எனக்குக் கிடைப்பது ஒன்றேமுக்கால், இது ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். உண்மையில் ஹையை யாரும் இரவு முழுக்கப் போடுவதில்லை, இறக்கத்துக்கும் தெரியாத ரோட்டுக்கும் மட்டும் போதும், மீதி நேரம் மீடியம், ஏற்றத்தில் லோ. ஏற்றத்தில் பத்து கி.மீ. வேகத்தில் முக்கிக்கொண்டு போகிறவருக்கு எதற்கு 800 லூமன்? இப்படி ஓட்டினால் ஒரு சார்ஜில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வருகிறது. பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறுகிற சின்ன விளக்கு மட்டும் பொய் சொல்கிறது, கடைசிவரை பச்சையாக இருந்துவிட்டு, சிவப்பு வந்த பத்தாவது நிமிடம் கை கழுவிவிடும். பவர் பேங்கைக் குறுக்குக் குழாய்ப் பையில் வைத்து, எரியும்போதே சார்ஜ் ஏற்ற முடிகிறது என்பது பெரிய நிம்மதி, வாங்கும்முன் இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள், சில லைட்டுகள் சார்ஜ் வயரைச் செருகியதும் அணைந்துவிடும். ஆனால் வயர் செருகியிருக்கும்போது ரப்பர் மூடி திறந்தபடி இருக்கும், மழை வந்தால் அவ்வளவுதான். தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கான குறியீடாக ஐபிஎக்ஸ்4 என்று எழுதியிருப்பது மூடி மூடியிருக்கும்போது மட்டும், அதுவும் தெறிக்கிற தண்ணீருக்கு. தண்ணீரில் முங்கினாலும் தாங்க வேண்டுமென்றால் ஐபிஎக்ஸ்7 பார்க்க வேண்டும், அது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடச் சோதனை.

ஒரு முறை பயந்தே போனேன். கண்ட்ரோலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஹையில் இருந்த லைட் தானாக மங்கியது. பேட்டரி போச்சு என்று நினைத்துக் கைவைத்தால் இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடு. ஓடும்போது காற்று பட்டு ஆறுகிறது, நின்றால் ஆறுவதில்லை, எரிந்து போகாமல் இருக்க அதுவே தன்னைக் குறைத்துக்கொள்கிறது. கிளம்பி இரண்டு நிமிடத்தில் பழையபடி வந்தது. இது குறை இல்லை, காகிதத்தில் ஒரு வரி போட்டிருந்தால் எனக்கு வயிறு கலங்கியிருக்காது.

மழையில் எந்த லைட்டும் ஏமாற்றும். ஈர ரோடு கண்ணாடி மாதிரி ஒளியை முன்னாலேயே தள்ளிவிடுகிறது, நம் பக்கம் திரும்பி வருவது கொஞ்சம்தான், அதனால் அதே 800 பாதியாகத் தெரியும். தண்ணீர் நிற்கிற இடத்தில் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவே தெரியாது, சுற்றிக்கொண்டு போங்கள். சுற்றும்முன் தோளுக்கு மேலே ஒரு பார்வை, இரவில் இதுதான் அதிகம் மறந்து போகிறது.

இதோடு சேர்த்து வாங்கிய டெயில் லைட்டைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை, எரிகிறது, விழவில்லை, அவ்வளவுதான். ஆனால் எப்படிப் போடுவது என்பதில் ஆளுக்கு ஒரு கட்சி. தனியாகப் போகும்போது நான் இரண்டு வைத்துக்கொள்கிறேன், ஒன்று நிலையாக, ஒன்று மினுக்கலில். மினுக்கல் கவனத்தை இழுக்கும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று பின்னால் வருகிறவர் அளவெடுக்க நிலையான விளக்குதான் உதவுகிறது. கூட்டமாகப் போகும்போது மினுக்கலை அணைத்துவிட வேண்டும், இதில் எனக்குச் சமரசம் கிடையாது. ஒரு 400-இல் முன்னால் போனவரின் விளக்கு நாற்பது கி.மீ. தூரத்துக்கு என் கண்ணைக் குத்திக்கொண்டே வந்தது. வேண்டுமென்றே செய்யவில்லை, அவருக்குத் தெரியாது. சொன்னதும் மன்னிப்புக் கேட்டு மாற்றினார், நான்தான் நாற்பது கி.மீ. சும்மா இருந்தேன்.

வெஸ்ட் விஷயத்தில் ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. பளிச்சென்ற மஞ்சள், பச்சைத் துணி பகலிலும் சாயங்காலத்திலும்தான் எடுபடும், அந்தப் பளபளப்புக்குச் சூரியனின் புற ஊதாக் கதிர் வேண்டும். இரவில் வேலை செய்வது அதன்மேல் தைத்திருக்கிற சாம்பல் பட்டை, அதில் இருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள் வருகிற ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. பின்னால் பை மாட்டினால் அந்தப் பட்டை மறைந்துவிடும், பலர் இதைக் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால் கணுக்காலில் கட்டுகிற ரிஃப்ளெக்டிவ் பட்டைதான் எல்லாவற்றையும்விட லாபம். இரண்டு புள்ளிகள் மாறி மாறி மேலும் கீழும் போவதைப் பார்த்ததும், அது ஒரு ஆள் பெடல் மிதிப்பது என்று ஓட்டுநருக்கு உடனே புரிந்துவிடுகிறது. பேட்டரி வேண்டாம், சார்ஜ் வேண்டாம்.

இவ்வளவு குறை சொல்கிறாயே, அப்புறம் ஏன் இரவில் ஓட்டுகிறாய் என்று கேட்பீர்கள். ராத்திரியில் காற்று பெரும்பாலும் அடங்கிவிடுகிறது, பகல் முழுக்க எதிர்காற்றில் மல்லுக்கட்டிய கால் திடீரென்று லேசாகிறது. மீட்டர் 24 காட்டும், மனசுக்கு 30 மாதிரி இருக்கும். செயின் சத்தம், ஃப்ரீவீலின் டிக்டிக், தூரத்து ஏற்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போகிற சிவப்புப் புள்ளிகள், அதில் கடைசிப் புள்ளியை எட்டிப் பிடித்து "எப்படிப் போகுது?" என்று கேட்பது. இங்கிலாந்தில் டன்விச் டைனமோ என்று ஒன்று இருக்கிறது, ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை இரவு லண்டனில் கிளம்பிக் கடற்கரையில் விடிகிற மாதிரி 180 கி.மீ. சுமார், போட்டியும் இல்லை, நேரக் கெடுவும் இல்லை. ஒருநாள் போக வேண்டும். இந்தச் சுகத்துக்கு ஒரே எதிரி தூக்கம். இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் கண் சொக்கும், வெள்ளைக் கோட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், சைக்கிள் எப்போது ஓரத்துக்குப் போனது என்று தெரியாது. அந்த நேரத்தில் எந்த லைட்டும் காப்பாற்றாது. வெளிச்சமான இடமாகப் பார்த்து நிறுத்திப் பதினைந்து நிமிடம் தூங்குங்கள், கெடு எங்கேயும் ஓடிப்போகாது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று. தெருவிளக்கு உள்ள இடத்தில் மட்டும் ஓட்டுகிறவருக்கு இது தேவையே இல்லை, இதில் பாதி லூமன் போதும். ஒன்றிரண்டு 300 போகிறவர் தாராளமாக வாங்கலாம், டியூப் துண்டும் இன்னொரு சின்ன லைட்டும் சேர்த்து. 600-க்கு மேல் கனவு இருக்கிறவர் இதில் பணத்தைப் போடாமல் சக்கரத்தின் நடு அச்சிலேயே மின்சாரம் தயாரிக்கிற ஹப் டைனமோ பக்கம் பாருங்கள், 6 வோல்ட் 3 வாட்தான், ஆனால் சக்கரம் சுற்றுகிறவரை அணையாது, சார்ஜ் பற்றிய கவலையே கிடையாது. கிளிப்புக்கு மூன்றாவது முறையும் எழுதியிருக்கிறேன், வந்து சேர்ந்தால் மூன்றை மூன்றரை ஆக்குகிறேன்.