ஆய்வேட்டில் அடுத்தவர் படைப்பு: சட்ட விலக்கா, அனுமதிக் கடிதமா, கேட்கவே வேண்டாததா?

ஆய்வேட்டில் அடுத்தவர் எழுதியதையோ வரைந்ததையோ சேர்க்க மூன்று வழி உண்டு. பதிப்புரிமைச் சட்டம் தரும் விலக்கை நம்பி எடுக்கலாம், உரிமையாளரிடம் அனுமதி வாங்கலாம், யாரிடமும் கேட்க வேண்டாததாகத் தேடிப் பிடிக்கலாம். என்னைக் கேட்டால் மேற்கோளுக்கு முதல் வழி, படத்துக்கு மற்ற இரண்டு.

விலக்கு என்றதும் பலர் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கையேடுகளைப் பார்த்து ‘ஃபேர் யூஸ்’ என்கிறார்கள். அது அந்நாட்டு 1976 சட்டத்தின் 107ஆம் பிரிவு. எதற்காக எடுத்தோம், எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தோம், அதன் சந்தை பாதிக்குமா என்று நான்கையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இந்தியாவில் இருப்பது 1957 சட்டத்தின் 52ஆம் பிரிவு, ‘ஃபேர் டீலிங்’. ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாடு, விமர்சனம், நடப்புச் செய்தி என்று நோக்கங்களை அதுவே வரையறுத்துவிடுகிறது. நாவலிலிருந்து ஒரு பத்தி எடுத்து அலசினால் அது விமர்சனம், தாராளமாகப் போடலாம். அதே ஆசிரியரின் முழுக் கவிதையை அத்தியாயத் தொடக்கத்தில் அழகுக்காக வைத்தால் எந்த நோக்கத்தில் சேர்ப்பீர்கள்? ‘சொந்த ஆராய்ச்சிதானே’ என்ற வாதமும் பலவீனமானது, ஏனென்றால் ஆய்வேடு சோத்கங்காவில் (இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) ஏறிவிட்டால் உலகமே படிக்கலாம்.

இன்னொன்று, ‘பத்து சதவீதம் வரை எடுக்கலாம்’ என்பது பதிப்புரிமை விதியே இல்லை. அது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 கருத்துத் திருட்டு விதிகளில் வரும் ஒற்றுமை அளவு, அதாவது மற்ற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகலாம் என்ற கணக்கு. மேற்கோள் குறியிட்டு மூலம் சொன்னால் கருத்துத் திருட்டு இல்லை, அவ்வளவுதான். பதிப்புரிமைக் கணக்கு தனி.

அனுமதி வாங்குவது நினைக்கிற அளவு கஷ்டமில்லை. பெரிய ஆய்விதழ்களில் பலவற்றின் கட்டுரைப் பக்கத்திலேயே அனுமதி கேட்கும் இணைப்பு இருக்கும், அதில் ரைட்ஸ்லிங்க் என்ற இணையவழி உரிமச் சேவை திறக்கும். ஆய்வேடு என்று தேர்ந்தெடுத்து, எத்தனை படம், அச்சிலா மின்வடிவிலா என்று நிரப்பினால் பல நேரம் கட்டணம் பூஜ்யம் என்றே வரும். உரிம எண்ணைப் படத்தின் அடியில் போட்டுவிடுங்கள். சிறு பதிப்பகம் அல்லது எழுத்தாளரின் குடும்பம் என்றால்தான் பாடு, பதில் வர மாதங்கள் ஆகலாம். கடிதத்தில் பக்க எண், பட எண், இணையத்தில் ஏறும் என்ற தகவல் மூன்றும் இருக்கட்டும். சமர்ப்பிக்கும் மாதத்தில் எழுத உட்காராதீர்கள்.

மூன்றாவது வழியைத்தான் நம்மவர்கள் சரியாகப் பயன்படுத்துவதில்லை. பாரதி, பாரதிதாசன், புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை, மூலத்தை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் இப்போது வந்த பதிப்பின் முன்னுரையும் அடிக்குறிப்பும் பதிப்பாசிரியருடையவை, அதை மறக்க வேண்டாம். கிரியேட்டிவ் காமன்ஸ் படங்களில், அதாவது படைத்தவரே பொது உரிமம் கொடுத்து வெளியிட்டவற்றில், உரிம வகையைப் பாருங்கள், ‘என்டி’ (மாற்றம் கூடாது) என்றிருந்தால் வெட்டித் திருத்தி வெளியிட முடியாது. வரைபடம் என்றால் எண்களை எடுத்து நீங்களே புதிதாக வரையுங்கள், தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது. அதே படத்தின் மேல் கோடு இழுத்து நிறம் மாற்றினால் அது புதிதாக வரைந்தது ஆகாது.

நீங்களே வெளியிட்ட கட்டுரையை ஆய்வேட்டில் சேர்க்க ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்சேவியர் தன் ஆசிரியர்களை அனுமதிக்கிறது. மற்ற இதழ்களுக்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். அப்புறம் ஆய்வேட்டைப் புத்தகமாக்கும்போது ஆய்வேட்டுக்கென்று இலவசமாக வாங்கிய உரிமங்கள் செல்லாமல் போகலாம், பதிப்பாளருக்குக் கொடுக்கும் முன்பே ஒவ்வொரு படத்துக்கும் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும்.